போர்ஷனைத் தானே எழுதும் ஆசிரியர்

தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் புதிய விருப்பப் பாடத்தை ஏற்கும் ஆசிரியரின் கைக்கு முதலில் வருவது ஒரே ஒரு வரி. பேப்பரின் பெயர், எத்தனை கிரெடிட், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த செமஸ்டர், அவ்வளவுதான். ஏப்ரலில் துறைத் தலைவர் அந்த வரியைக் கொடுப்பார்; ஜூனில் வகுப்பு தொடங்கிவிடும். இடைப்பட்ட நாள்களில் அந்த வரி ஐந்து யூனிட்டாகவும் 60 மணி நேர வகுப்பாகவும் நூல் பட்டியலாகவும் கடைசியில் ஒரு வினாத்தாளாகவும் விரிந்தாக வேண்டும். அந்தப் பேப்பரை இதற்கு முன் யாரும் நடத்தியதில்லை. பழைய வினாத்தாள் கிடையாது, கடையில் கைடு கிடையாது. எதை நடத்துவது என்று கேட்கலாம் என்றால் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் தெரியாது.

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை நடத்தும் ஆசிரியருக்கு இந்தக் கவலை இல்லை. எதை நடத்த வேண்டும், எந்த நூலிலிருந்து, எந்த வரிசையில் என்பதெல்லாம் முன்பே எழுதப்பட்டிருக்கும். அதற்குக் கல்லூரிகளில் வழங்கும் சொல் ‘போர்ஷன்’. அக்டோபர் மாதம் ஆசிரியர் அறையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வியே ‘போர்ஷன் முடிஞ்சுதா சார்?’ என்பதுதான். வெளியிலிருந்து வந்த போர்ஷன் முடித்த அன்று தோளிலிருந்து இறங்கிவிடும். தானே எழுதிய போர்ஷன் அப்படி இறங்குவதில்லை. முடித்த பிறகும், இதைத்தான் நடத்தியிருக்க வேண்டுமா என்ற கேள்வி கூடவே வரும்.

இந்தப் போர்ஷன் பழக்கத்துக்கு 160 வயதுக்கு மேல் ஆகிறது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அது பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. சொல்லிக்கொடுப்பவர் ஓரிடத்தில், கேள்வி கேட்பவர் வேறிடத்தில், விடைத்தாள் திருத்துபவர் இன்னோரிடத்தில். முன்பின் அறியாத இந்த மூவரையும் சேர்த்துக் கட்டிய கயிறு அச்சடித்த பாடத்திட்டம்தான். திருநெல்வேலியில் நடத்துவதும் சென்னையில் கேட்பதும் ஒன்றாக இருக்க வேறு வழியும் இருக்கவில்லை. அந்த ஏற்பாட்டில் நியாயம் உண்டு. ஆனால் எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்யும் பழக்கமே கல்லூரி ஆசிரியரிடமிருந்து தலைமுறை தலைமுறையாக விலகிப்போனது. அதுவே அந்த ஏற்பாட்டுக்குக் கொடுத்த விலை.

1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு, தரமுள்ள கல்லூரிகள் தாமே பாடத்திட்டம் வகுக்கவும் தேர்வு நடத்தவும் உரிமை பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாட்டிலேயே முதன்முதலில் அந்த உரிமையைப் பெற்றவற்றில் சென்னை லயோலா கல்லூரி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி ஆகியவை அடங்கும். ஆண்டு 1978. பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான், ஆனால் பாடமும் தேர்வும் கல்லூரியின் கையில். இன்று இந்தியாவில் தன்னாட்சிக் கல்லூரிகள் அதிகமுள்ள மாநிலம் தமிழ்நாடு. அதனால் போர்ஷனை உட்கார்ந்து எழுதும் வேலை ஏதோ சில பெரிய கல்லூரிகளின் சங்கதியாக இல்லாமல், சிற்றூர்க் கல்லூரி ஆசிரியர் வரை வந்துவிட்டது.

வழிகாட்டுதலே இல்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். வடிவத்துக்கு வழிகாட்டுதல் ஏராளம். வாரம் ஒரு மணி நேர விரிவுரை 15 வாரம் நடந்தால் ஒரு கிரெடிட். நான்கு கிரெடிட் என்றால் 60 மணி. ஐந்து யூனிட் வேண்டும். ஐந்து கற்றல் விளைவுகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் நினைவில் வைப்பதா, புரிந்துகொள்வதா, படைப்பதா என்று கே1 முதல் கே6 வரை படிநிலை குறிக்க வேண்டும். அந்த விளைவுகள் பட்டப்படிப்பின் நோக்கங்களோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை 3, 2, 1 என்று ஒரு கட்டத்தில் நிரப்ப வேண்டும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் ஆண்டில் இந்தக் கட்டங்களை நிரப்பியே ஆசிரியர்களின் மாலைகள் கழிகின்றன. கட்டம் எத்தனை வரிசை என்று சுற்றறிக்கை வரும். அதற்குள் எழுதப்போகும் பாடம் எது என்பதற்கு மட்டும் சுற்றறிக்கை வராது. ஆசிரியரின் தனிமை தொடங்குவது அந்த இடத்தில்.

எடுத்துக்காட்டாக ஒரு பேப்பரை வைத்துப் பார்க்கலாம். மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறை, இரண்டாம் ஆண்டு இளங்கலை மாணவர்களுக்குத் ‘தமிழ்நாட்டின் நீர் வரலாறு’ என்று ஒரு விருப்பப் பாடம் வைப்பதாகக் கொள்வோம். தலைப்பைக் கேட்டதும் மனம் துள்ளும். காகிதத்தை எடுத்ததும் திகைக்கும். புறநானூற்றின் 18-ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீர்நிலை அமைக்கச் சொல்வதிலிருந்து தொடங்கலாம். கல்லணை வேண்டும். பல்லவர் ஏரிகள் வேண்டும். ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசும் உத்திரமேரூர்க் கல்வெட்டு இல்லாமல் முடியாது. ஊர் மக்கள் கூடிக் குளம் தூர்வாரிய குடிமராமத்து, அதையே கட்டாய உழைப்பாக எழுதிவைத்த 1858-ஆம் ஆண்டுச் சட்டம், ஆர்தர் காட்டனின் காவிரி வேலைகள், மேற்கே ஓடிய பெரியாற்று நீரை வைகைப் பக்கம் திருப்பிய 1895-ஆம் ஆண்டின் அணை, 1934-இல் மேட்டூர், 1892, 1924 காவிரி ஒப்பந்தங்கள், 1990-இல் அமைந்த நடுவர் மன்றம், ஆழ்துளைக் கிணறு, குடிநீர் லாரி. எதை விட்டாலும் மனசு ஒப்பாது.

60 மணி என்பதும் காகிதத்தில்தான். இரண்டு இன்டர்னல் தேர்வு, ஒரு மாதிரித் தேர்வு, விளையாட்டு விழா, கலை விழா, ஆயுத பூஜை, தீபாவளி, மழை விடுமுறை எல்லாம் போக 48 மணி தேறினால் பெரிது. உத்திரமேரூருக்கு மூன்று மணி கொடுத்தால் பெரியாற்றுக்கு இரண்டுதான். இரண்டு மணியில் பெரியாறு அணையைச் சொல்வதென்றால் பென்னிகுயிக் கட்டினார் என்ற செய்தி மட்டும் நிற்கும். தண்ணீர் வந்த பிறகு மேலூர்ப் பக்கம் எந்த நிலம் நஞ்சையானது, யார் கையில் இருந்த நிலம் அது என்ற கேள்விக்கு நேரம் இருக்காது. பாடத்திட்டம் எழுதுவது என்பது சேர்க்கும் வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது விடும் வேலை. தான் ஆண்டுக்கணக்கில் படித்து ஆசைப்பட்ட ஒன்றை, மாணவருக்கு இப்போது வேண்டாம் என்று அடித்துவிடும்போது கை தயங்குகிறது. இந்த வேலையின் மன உளைச்சலில் பெரும்பகுதி அந்தத் தயக்கம்தான்.

அடுத்தது வரிசை. அரசர் வாரியாக, நூற்றாண்டு வாரியாகப் போவது வரலாற்றுத் துறையின் பழகிய பாதை. அப்படிப் போனால் ஒன்பதாம் வாரத்தில்தான் 1858 வரும். மாணவர்கள் தம் தெருவில் பார்க்கும் தண்ணீர்ப் பிரச்சினை கடைசி வாரத்தில், பாதி வகுப்பு காலியாக இருக்கும்போது வந்து சேரும். வேறு வழியும் உண்டு. ஒரு கண்மாயை எடுத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்குவது. வரத்துக்கால், கரை, மடை, கலிங்கு, மறுகால், ஆயக்கட்டு. கிராமத்திலிருந்து வரும் மாணவர்களுக்கு இந்தச் சொற்களில் பாதி முன்பே தெரியும். நகரத்து மாணவர்களுக்கு அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். மடையைத் திறப்பது யார், உபரி நீர் வழியும் கலிங்கின் உயரத்தை ஒரு முழம் ஏற்றினால் யாருக்கு லாபம் என்ற கேள்வி எழுந்த பிறகு உத்திரமேரூருக்குப் போனால், வாரியம் என்பது மனப்பாடம் செய்யும் பெயராக இருக்காது. ஆனால் இந்த வழியில் காலவரிசை குழம்பும். பல்லவருக்கு முன்னா பின்னா என்று தெரியாமல் சிலர் தேர்வெழுதுவார்கள். எந்த வழியிலும் ஓர் இழப்பு உண்டு. எந்த இழப்பைத் தாங்கலாம் என்று முடிவு செய்ய ஆசிரியருக்கு யாரும் துணையில்லை.

இந்தச் சிக்கலுக்குக் கல்வியியலில் பழைய விடை ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949-இல் வெளியிட்ட சிறு நூலில், பாடத்திட்டம் வகுப்பவர் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும் என்றார். நோக்கம் என்ன, அதற்கு எந்த அனுபவங்களைத் தரவேண்டும், அவற்றை எப்படி அடுக்குவது, நோக்கம் நிறைவேறியதை எப்படி அறிவது. 1998-இல் விக்கின்ஸ், மக்டை என்ற இருவரும் அதையே தலைகீழாக நடத்திக் காட்டினார்கள். கடைசி நாளில் மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் எழுது, அதை எப்படிச் சோதிப்பாய் என்பதை அடுத்து எழுது, அன்றாட வகுப்பைக் கடைசியில் திட்டமிடு என்பது அவர்கள் முறை. நீர் வரலாற்றுப் பேப்பருக்கு இதைப் பொருத்தினால், ‘பாடம் முடியும்போது மாணவர் தம் ஊர் நீர்நிலை ஒன்றின் வரலாற்றைக் கல்வெட்டு, அரசு ஆவணம், ஊர்ப் பெரியவர் வாய்மொழி மூன்றையும் ஒப்பிட்டு எழுதத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று ஒரு வாக்கியம் வரும். அந்த வாக்கியம் கிடைத்துவிட்டால் விட வேண்டியவை பல தாமே உதிரும். இன்று கற்றல் விளைவு என்ற கட்டத்தில் இயந்திரம்போல் நிரப்பப்படுவது ஒரு காலத்தில் இவ்வளவு உயிருள்ள கேள்வியாக இருந்தது என்பதை நினைக்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

நேரம் அடுத்த நெருக்கடி. பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்குப்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். அதில் மூன்று நான்கு பேப்பர்கள் அடங்கும். பல முறை நடத்திய பேப்பருக்கு முந்தின இரவு அரை மணி போதும். புதிய பேப்பரில் ஒரு மணி நேர வகுப்புக்கு ஐந்தாறு மணி நேரம் படிக்கிற ஆசிரியர்கள் உண்டு. நூலகத்தில் இல்லாத நூலைத் தேடவேண்டும். கிடைத்ததும் அதில் தனக்கு வேண்டிய பத்துப் பக்கம் எது என்று கண்டுபிடிக்க முழுதையும் படிக்கவேண்டும். அது ஆங்கிலத்தில் இருந்தால், தமிழ்வழி வகுப்புக்காகக் குறிப்பும் எழுதவேண்டும். செமஸ்டரின் நான்காம் வாரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் முந்தின இரவுதான் சமையல்.

அமெரிக்காவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பேராசிரியர்களைப் பல ஆண்டுகள் அருகிருந்து கவனித்த உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ், இந்த இரவுச் சமையலைப் பற்றி எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். புதியவர்களில் பெரும்பாலோர் அளவுக்கு மீறித் தயாரிக்கிறார்கள். மாணவர் கேட்கும் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் போய்விடுமோ என்ற அச்சமே காரணம். தயாரித்ததை எல்லாம் கொட்டிவிட வேண்டும் என்று வேகமாகப் பேசுகிறார்கள். மாணவர் குறுக்கிட இடம் இல்லாமல் போகிறது. வகுப்பு சோர்கிறது. சோர்வைக் கண்ட ஆசிரியர், தயாரிப்பு போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகம் தயாரிக்கிறார். விரைவில் தேறியவர்கள் ஒரு வகுப்புக்கு ஒன்றிரண்டு மணிக்கு மேல் செலவிடாமல், குறைவான செய்திகளோடு போய், மாணவர் பேச இடம் விட்டவர்கள். 1992-இலும் 2000-இலும் வெளிவந்த அவருடைய இரண்டு நூல்களும் இதை விரிவாகப் பேசுகின்றன. தமிழ்நாட்டு ஆசிரியர் அறைகளில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கும் இது நன்றாகத் தெரிந்த காட்சிதான். பாடத்திட்டம் வெளியிலிருந்து வந்திருந்தால் ‘போர்ஷனில் இவ்வளவுதான்’ என்று ஒரு கோடு இருக்கும். கோடு இல்லாத இடத்தில் அச்சம்தான் அளவைத் தீர்மானிக்கிறது.

தேர்வு இன்னொரு முடிச்சு. பரவலான முறையில் இன்டர்னலுக்கு 25 மதிப்பெண், செமஸ்டர் தேர்வுக்கு 75. அந்த 75-உம் பத்து இரண்டு மதிப்பெண் வினா, ஐந்து ஐந்து மதிப்பெண் வினா, மூன்று பத்து மதிப்பெண் வினா என்று பிரிந்திருக்கும். ஊர்க் கண்மாயின் வரலாற்றை எழுதச் சொல்லும் பாடத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது. இரண்டு மதிப்பெண்ணுக்குக் ‘கலிங்கு என்றால் என்ன?’ என்று கேட்கலாம். ஒரு மாணவி தன் பாட்டியிடம் கேட்டுத் திரட்டிய செய்தியை அளக்க அதில் இடமில்லை. போதாததற்கு வினாத்தாளை வெளியூர்ப் பேராசிரியர் எடுப்பதும் உண்டு. பாடம் நடந்த விதம் தெரியாத அவர், ஐந்து யூனிட் அச்சிட்ட தாளைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார். 1857-இல் பிரித்துவைத்த கற்பித்தலும் தேர்வும் தன்னாட்சிக்குப் பிறகும் இப்படிக் கொஞ்சம் பிரிந்தே இருக்கின்றன. அனுபவமுள்ள ஆசிரியர்கள் தங்கள் கைக்கு எட்டும் 25 மதிப்பெண்ணில்தான் புதுமையை எல்லாம் வைக்கிறார்கள். கள வேலையும் குறுங்கட்டுரையும் செமினாரும் அந்த 25-க்குள்.

மாணவர்களின் அச்சத்தையும் குறைத்துப் பேச முடியாது. ‘மேம், எந்த புக் வாங்கணும்?’ என்பது முதல் நாள் கேள்வி. புத்தகம் இல்லை, கட்டுரைகளைப் பிரதி எடுத்துத் தருகிறேன் என்று சொன்னதும் முகங்கள் மாறும். ‘எது முக்கியமான கேள்வி?’ என்பது இரண்டாம் வாரக் கேள்வி. வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் மாணவருக்கு அரியர் என்பது பணமும் மானமும் சேர்ந்த விஷயம். பழைய வினாத்தாள் இல்லாத பேப்பரை அவர் அஞ்சுவது சோம்பலால் அல்ல. ஆசிரியர் முதல் இரண்டு வாரத்துக்குள் மாதிரி வினாத்தாள் ஒன்றைத் தயாரித்துக் கையில் கொடுத்துவிட்டால் இந்த அச்சம் பாதியாகக் குறையும். அதற்குப் பிறகுதான் அவர்கள் பாடத்தைக் கேட்கத் தொடங்குவார்கள்.

இந்தச் சுமை எல்லோர் தோளிலும் ஒரே அளவில் இல்லை. இருபது ஆண்டு அனுபவமுள்ளவருக்கு இது ஆசைப்பட்டு ஏற்கும் வேலை. புதிதாகச் சேர்ந்தவருக்கு மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிய பேப்பர் வரும். அமெரிக்கக் கல்லூரிகளில் பாடத்தை வகுப்பது ஆசிரியரின் உரிமை என்பது பழைய மரபு. 1940-இல் பேராசிரியர் சங்கமும் கல்லூரிகள் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை வகுப்பறைச் சுதந்திரத்தைத் தெளிவாக எழுதிவைத்தது. ஆனால் அங்கேயே இன்று வகுப்புகளில் பெரும்பங்கை எடுப்பவர்கள் ஒப்பந்த ஆசிரியர்கள். தொடங்கச் சில வாரமே இருக்கும்போது பாடத்தின் பெயரும் நான்கு வரி விளக்கமும் அவர்களுக்கு வரும். திட்டமிடும் வாரங்களுக்குச் சம்பளம் கிடையாது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஆண்டில் 11 மாதம்தான் ஊதியம். விடுபடும் மே மாதம்தான் புதிய பாடத்தைத் திட்டமிட வேண்டிய மாதம். பாடம் வகுக்கும் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு அதற்கான நேரத்தைக் கொடுக்காமல் இருப்பது கொடுக்காததற்குச் சமம். இதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை.

பெரிய அறிஞர்களையும் இந்த உளைச்சல் விட்டுவைக்கவில்லை. ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் பொது மொழியியலை நடத்தும் பொறுப்பு ஃபெர்டினாண்ட் டி சசூரிடம் வந்தது. அந்தப் பாடத்தை அவர் 1907, 1908-09, 1910-11 என்று மூன்று முறை நடத்தினார். மூன்று முறையும் வரிசை வேறு. மூன்றாம் முறை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவரிடம் தன் சங்கடத்தைச் சொன்னார். பொருளின் சிக்கலை முழுதாக எடுத்துவைத்துத் தன் ஐயங்களையும் சொன்னால், அது தேர்வுக்கு உரிய பாடமாக இருக்காது. மொழியியலர் அல்லாத மாணவருக்கு ஏற்ப எளிமையாக்கினாலோ ஒவ்வோர் அடியிலும் ஏதோ ஒன்று தடுக்கிறது. குறிப்புகளை அவர் பெரும்பாலும் கிழித்துப்போட்டார். 1913-இல் அவர் இறந்த பிறகு, மாணவர்கள் எழுதிவைத்த நோட்டுகளைக் கொண்டு சக பேராசிரியர்கள் இருவர் தொகுத்து 1916-இல் வெளியிட்ட நூல்தான் இருபதாம் நூற்றாண்டு மொழியியலின் போக்கை மாற்றியது. தன் வகுப்புத் திட்டத்தில் நிறைவே காணாத ஓர் ஆசிரியரின் மூன்று முயற்சிகள் அந்த நூலுக்குள் இருக்கின்றன.

கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் நடந்தது வேறு வகை. முதலிரண்டு ஆண்டு இயற்பியல் பாடம் பழசாகிவிட்டது என்று அதை முழுதாகக் கலைத்து எழுதும் பொறுப்பு 1961-இல் ரிச்சர்டு ஃபைன்மனுக்கு வந்தது. இரண்டு கல்வியாண்டு, ஒவ்வொரு விரிவுரையும் ஒரே ஒரு முறை. அந்தக் காலத்தில் அவர் பெரும்பகுதி நேரத்தை இதற்கே கொடுத்தார். மூன்று தொகுதிகளாக வந்த அந்த விரிவுரைகளை உலகெங்கும் இயற்பியல் ஆசிரியர்கள் இன்றும் வைத்திருக்கிறார்கள். ஆனால் நூலின் முன்னுரையில் அவர் எழுதியது வேறு. மாணவர்களைப் பொறுத்தவரை தான் நன்றாகச் செய்ததாகத் தோன்றவில்லை, தேர்வு விடைகள் அப்படித்தான் நினைக்கவைக்கின்றன என்றார். விரிவுரை எப்படிப் போய்ச்சேர்கிறது என்று மாணவர்களிடமிருந்து தனக்குத் தகவல் வர வழியே இல்லாமல் போனதையும் குறையாகச் சொன்னார். எவ்வளவு பெரிய மேதை திட்டமிட்டாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் பக்கத்திலிருந்து செய்தி வராவிட்டால் பாடம் தடுமாறும் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது.

அந்தச் செய்தி வரும்போது கிடைப்பதுதான் இந்த வேலையின் பெரிய பலன். நீர் வரலாற்று வகுப்பில் மடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, பின் பெஞ்சில் அதுவரை வாய் திறக்காத ஒருவன் எழுந்து ‘எங்க தாத்தா நீர்க்கட்டியா இருந்தாரு சார்’ என்பான். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், தண்ணீரைப் பிரித்துவிடும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் எத்தனை படி என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னால், அடுத்த வாரம் ஒரு நோட்டு நிறைய வரும். அது எந்த நூலிலும் இல்லாத செய்தி. பல்கலைக்கழகப் போர்ஷனாக இருந்தால் அதைக் கேட்டு ரசித்துவிட்டு ‘சரி, யூனிட் மூணுக்கு வருவோம்’ என்று நகரவேண்டியிருக்கும். சொந்தப் போர்ஷனில் அடுத்த இரண்டு வகுப்பை அந்த நோட்டுக்கே கொடுக்கலாம். பாடம் மாணவனின் வீட்டுக்குள் போய்த் திரும்பி வருகிறது. அன்று முதல் அவன் முன் பெஞ்சுக்கு வந்துவிடுவான்.

ஆசிரியருக்குள்ளும் ஒன்று நடக்கிறது. பத்தாண்டு ஒரே போர்ஷனை நடத்தியவர் பேசும்போது அந்தப் பத்தாண்டுக் களைப்பு குரலில் தெரியும். புதிய பாடத்தை வகுப்பவர் மறுபடி மாணவராகிறார். ஆய்வுப் பட்டத்துக்காகப் படித்ததற்குப் பிறகு தொடாத துறைகளைத் தொடுகிறார். புவியியல் துறை நண்பரிடம் வரைபடம் படிக்கக் கற்கிறார். தாலுகா அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்க்க ஒரு பகல் காத்திருக்கிறார். தனக்குத் தெரிந்ததைச் சொல்வதும், தான் இப்போதுதான் கண்டுபிடித்ததைச் சொல்வதும் மாணவர் காதில் வேறு வேறாக விழுகின்றன. கண்டுபிடித்ததைச் சொல்பவர் குரலில் இருக்கும் ஆவலை எந்தப் பயிற்சி முகாமும் கற்றுத்தர முடியாது.

இரண்டாம் ஆண்டில் வேலை எளிதாகும். முதல் முறை நடத்தும்போது ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் நான்கு வரி எழுதிவைத்தவருக்கு இன்னும் எளிது. ‘காவிரி ஒப்பந்தம் இரண்டு மணியில் முடியவில்லை. வரைபடம் முதலிலேயே காட்டியிருக்க வேண்டும். உத்திரமேரூர் நன்றாகப் போனது, ஆனால் வாரியத் தகுதிகளில் நின்றுவிட்டேன்.’ இப்படிப்பட்ட குறிப்புகள்தான் உண்மையான வழிகாட்டுதல். அதை வெளியிலிருந்து யாரும் கொடுத்திருக்க முடியாது. அட்டவணையில் பத்துக்கு ஒரு வகுப்பைக் காலியாக விட்டு வைப்பதும் பலன் தரும் பழக்கம். தவறிய வகுப்புக்கும் நீண்டுபோன விவாதத்துக்கும் அது தாங்கலாக நிற்கும்.

இந்தச் சுதந்திரம் வீணாகும் இடங்களும் இருக்கின்றன. வேறொரு கல்லூரியின் பாடத்திட்டத்தை இணையத்திலிருந்து எடுத்து, யூனிட்டின் வரிசையை மட்டும் மாற்றி வைப்பது நடக்கிறது. ஆசிரியருக்குப் பிடித்தது மட்டும் பாடமாகி, மாணவர் மேற்படிப்புக்குப் போகும்போது அடிப்படையில் ஓட்டை தெரிவதும் நடக்கிறது. ஒரு கல்லூரியின் பட்டம் இன்னொன்றுக்கு இணையா என்று அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இணைச் சான்றுக்கு அலையும் இளைஞர்களின் துன்பம் உண்மையானது. 2023-இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது இந்த ஒப்புமைதான் முதன்மையான நியாயமாகச் சொல்லப்பட்டது. தன்னாட்சிக் கல்லூரி ஆசிரியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் விரும்பினால் ஏற்கலாம் என்று உயர்கல்வி அமைச்சர் பின்னர் தெளிவுபடுத்தினார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அடிப்படைப் பாடங்கள் ஓரளவு ஒன்றாக இருப்பது மாணவருக்குப் பாதுகாப்பு. விருப்பப் பாடங்களையும் அதே அச்சில் வார்த்தால், அந்த ஊர் மாணவருக்கு அந்த ஊர் ஆசிரியர் மட்டுமே சொல்லக்கூடிய பாடம் ஒன்றுகூட மிஞ்சாது.

தனியாளின் விருப்பம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள விதிகளிலேயே ஓர் ஏற்பாடு உண்டு. ஆசிரியர் எழுதிய பாடம் நேராக வகுப்புக்குப் போவதில்லை. பாடத்திட்டக் குழுவுக்குப் போகிறது. ஆசிரியர்கள் அதை ‘போர்டு’ என்று சுருக்கிச் சொல்வார்கள். துறைத் தலைவர் தலைமையில் துறை ஆசிரியர்கள், கல்லூரியின் கல்விக் குழு நியமித்த இரண்டு வெளி நிபுணர்கள், துணைவேந்தர் நியமித்த ஒருவர், தொழில் துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் அதில் இருப்பார்கள். பல கல்லூரிகளில் இந்தக் கூட்டம் காலை பதினொன்றுக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடுகிறது. நாற்பது பேப்பர் ஒரே நாளில் கையெழுத்தாகிவிடும். நல்ல கூட்டம் எது என்பது கேள்விகளில் தெரியும். ‘இந்த யூனிட்டுக்கு 12 மணி போதுமா?’ என்று வெளி நிபுணர் நிறுத்திக் கேட்டால், தனியாக இரண்டு மாதம் மல்லாடிய ஆசிரியருக்கு முதன்முறையாக ஒரு துணை கிடைத்த உணர்வு வரும்.

மூன்றாண்டுக்கு ஒரு முறை பாடத்திட்டம் திருத்தப்படும்போது நீர் வரலாற்றுப் பேப்பர் மறுபடி அந்த மேசைக்கு வரும். இந்த முறை அதோடு மூன்றாண்டு வினாத்தாள்கள் இருக்கும். மாணவர்கள் எழுதிய கண்மாய் வரலாறுகள் ஒரு கோப்பில் இருக்கும். வகுப்புக்கு வகுப்பு எழுதிய நான்கு வரிக் குறிப்புகள் இருக்கும். முன்னாள் மாணவர் நாற்காலியில் அந்தப் பேப்பரைப் படித்த ஒருவரே உட்கார்ந்திருக்கக்கூடும். ஆர்தர் காட்டனுக்கு இரண்டு மணி குறைத்து ஆழ்துளைக் கிணற்றுக்குக் கூட்டலாமா என்று அவரிடமே கேட்கலாம். முடிவான பிறகு அந்தக் கோப்பு, பேப்பரை அடுத்து நடத்தப்போகும் இளைய ஆசிரியரின் கைக்குப் போகும். தொடங்கும்போது ஒரே வரியாக இருந்த பாடம் அவரிடம் சேரும்போது இரண்டு அங்குலக் கனத்தில் இருக்கும். ஏப்ரலில் எடுத்துக்கொண்டு போனால் ஜூனுக்குள் அதில் எதை அடிப்பது என்று அவர் பார்க்கத் தொடங்கிவிடலாம்.